பழைய வீட்டுக் கூரைக்கான மானியத்தின் முதல் தவணையை மழைக்கு முன் விடுவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பாரம்பரிய வீட்டின் உரிமையாளர்,
தமிழர் பகுதி (பெரிய வாய்க்காலுக்கு மேற்கே),
புதுச்சேரி.

பெறுநர்
பாரம்பரியக் கட்டடங்களுக்கான மானியத்துக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: மானியத்தின் முதல் தவணையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் வழங்கவும், கூரை வேலையையும் மானியத்தில் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு கொடுத்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு வந்தபோது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்துத் தூண்களைத் தட்டிப் பார்த்து, "இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்" என்று சொன்னீர்கள். நாங்கள் விடவில்லை. முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் கீழ்க்கண்டவற்றை மீண்டும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

1. வீடு பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. செலவில் பாதி எங்களுடையது, பாதி மானியம் என்பது ஏற்பாடு. எங்கள் பாதி வங்கியில் தயாராக இருக்கிறது.

2. மதிப்பீடு, வரைபடம், பத்திர நகல், வீட்டு வரி ரசீது எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பிரான்ஸில் இருக்கும் என் அக்காவின் சம்மதக் கடிதமும் கோப்பில் இருக்கிறது.

3. கூரை. இதுதான் எங்கள் முழுக் கவலையும். இது மெட்ராஸ் டெரஸ் என்பது தங்களுக்குத் தெரியும். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கிய தளம். மேலே பதித்த தட்டையான ஓடுகளான தட்டோட்டுக்கு இடையே ஒரு இடத்தில் நீர் இறங்கினால் போதும், அது நேரே சொட்டாது. தளத்துக்குள்ளேயே ஊறிப் போய், கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் தங்கிவிடும். வெளியே பார்த்தால் கட்டை நன்றாகத்தான் இருக்கும்; உள்ளே முனை மக்கிப் போயிருக்கும். எங்கள் நடு அறையில் நடந்தது அதுதான். 2011 தானே புயலில் தொடங்கிய கசிவை ஒட்டுப்போட்டுச் சமாளித்தோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில் அந்த ஒட்டும் போயிற்று. இப்போது அடியில் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். அம்மாவுக்கு நடக்க முடியாது. அவர் கட்டிலை முற்றத்து ஓரத்துக்கு மாற்றினோம், அங்கேயும் சாரல். அப்புறம் முன்கூடத்துக்கு மாற்றினோம். இரவில் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழும் சத்தம் கேட்டால், முதலில் எழுந்து அம்மா இருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறேன். மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறோம். அதுவும் காற்றடித்தால் கிழிகிறது.

4. "சிமெண்ட் போட்டுச் சரி செய்துகொள்ளுங்களேன்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். போட முடியாது ஐயா. விதி தடுக்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் போட மாட்டேன், சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்து மீதிக் கட்டைகளையும் தின்றுவிடும். சரி, இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டலாமா? அதற்கும் அனுமதி இல்லை. இடிக்கக் கூடாது, சிமெண்ட் கூடாது, சுண்ணாம்பு வேலைக்குப் பணமும் வராது. அப்படியானால் நாங்கள் செய்யக்கூடியதுதான் என்ன?

5. மானியம் முகப்புக்கு மட்டும்தான், கூரை உள்வேலை என்று தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு முகப்பு போதும். தினமும் எங்கள் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தின் பின்பக்கம் தாங்கி நிற்பதே இந்த நடுச்சுவரும் கூரையும்தான். கூரை விழுந்தால் முகப்பு மட்டும் தனியாக நிற்குமா? பூசி வண்ணமடித்த முகப்புக்கு பில் போட்டு, பின்னால் குடும்பத்தை வெளியேற்றுவது என்ன பராமரிப்பு?

6. சுண்ணாம்பு வேலைக்குக் காலம் உண்டு. தளத்தை அடித்து இறுக்கி, ஈரம் குறையாமல் பார்த்து, பிறகு மெல்ல உலரவிட வேண்டும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் ஜனவரி வரை கொத்தனார் கை வைக்க மாட்டார். இங்கே நடப்பதோ தலைகீழ். கோடை முழுக்கக் கோப்பு மேசையில் கிடக்கிறது. மழையில் ஆய்வுக்கு வருகிறார்கள். நிதியாண்டு முடியும் நேரத்தில் ஒப்புதல் வருகிறது. மார்ச் 31 தாண்டியதும் நிதி காலாவதி, புதிதாக விண்ணப்பியுங்கள் என்கிறார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் மழைக்கு இந்த நாள்காட்டி தெரியாதே!

7. வைசியாள் வீதியைத் தாங்கள் அறிவீர்கள். உரிமையாளர்களும் திட்டமும் கைகோர்த்து முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அதே ஊரில்தான் 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். எங்கள் வீடு விழுந்தால் யாரும் அப்படித் திருப்பிக் கட்டித் தரப்போவதில்லை. அது ஒரு காலி மனையாகும், அப்புறம் ஒரு லாட்ஜ் ஆகும்.

8. முழு வேலையும் முடித்து பில் கொடுத்தால்தான் பணம் என்றால், கையில் முழுத்தொகை இருப்பவருக்குத்தான் மானியம். அது இருந்தால் நான் ஏன் மனு எழுதுகிறேன்?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். நான் கேட்பது அதிகம் இல்லை. முதல் தவணையை முன்பணமாக, ஆகஸ்டுக்குள் கொடுங்கள். கூரையை மானியப் பணியாக ஏற்றுக்கொள்ளுங்கள். மார்ச் 31-இல் காலாவதியாகாமல் இந்த ஒப்புதலை அடுத்த ஆண்டுக்கு நீட்டித்துக் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் அதையாவது காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், மேல்முறையீடு செய்துகொள்கிறேன். முதல் தவணை மழைக்கு முன் வர வேண்டும் ஐயா, மழைக்கு முன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: நடு அறைக் கூரையின் புகைப்படங்கள், கட்டடப் பொறியாளரின் சான்று, முந்தைய மனுக்களின் நகல்கள்.