மாப்ளைக்கு ஒரு லெட்டர்

மாப்ள,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பெரியவளோட காலேஜ் அட்மிஷனுக்கு அலைஞ்சதுல பதில் போட முடியல, சீட் கெடச்சிருச்சு, ஹாஸ்டல் தான் இன்னும் முடிவாகல.

அம்மா உன்னையப் பாத்து "தம்பி யாரு"ன்னு கேட்டாங்கன்னு எழுதியிருந்த பாரு, அதுக்கு மேல படிக்க முடியாம மடிச்சு வெச்சுட்டேன். எங்கப்பா கடைசி ரெண்டு வருஷம் அப்படித்தான இருந்தாரு. உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. சாயங்காலம் ஆனா துண்டை மடிச்சு தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்துருவாரு, ஆத்தா தேடும், கடைசி பஸ் போயிரும்னு. நான் ஒவ்வொரு தடவையும் "அப்பத்தா செத்து முப்பது வருஷம் ஆச்சுப்பா"ம்பேன், உண்மைய சொல்றது தான் சரின்னு நெனச்சேன், அவரு அப்பத்தான் சாவு சேதி வந்த மாதிரி திண்ணையில உக்காந்து அழுவாரு. மறுநாளும் துண்டு, பஸ்ஸு, மறுபடி நான் சொல்லுவேன். ஒரே சாவுக்கு அவர எத்தன தடவ அழ வெச்சிருக்கேன் மாப்ள. அது பத்தாதுன்னு, யாராவது வந்தா அவங்க முன்னாடி "நான் யாருன்னு சொல்லுப்பா பாப்போம்"னு பரீட்சை வேற.

போன மாசம் திருவண்ணாமலை போயிருந்தேன். ரமணாசிரமத்துக்குப் பின்னாடி மலையேறி ஸ்கந்தாசிரமம் போனா, ரமண மகரிஷியோட அம்மா அழகம்மாள் இருந்த சின்ன ரூம் இருக்கு. 1922 மே 19, காலைல இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒரு கைய அம்மா நெஞ்சுலயும் ஒரு கைய தலையிலயும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு மனுஷன். பழைய வாசனையெல்லாம், மனசுல படிஞ்சு கெடந்த பதிவுக தான், ஒவ்வொண்ணா எழும்பி காட்சி காட்சியா ஓடி அடங்குச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. பதினாறு வயசுல வீட்ட விட்டு வந்தவரு, 1898ல அதே அம்மா வந்து அழுது கூப்பிட்டப்ப வாய் தொறக்காம ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தவரு. பற்று இல்லாம இருக்கறதுன்னா தள்ளி நிக்கறதுன்னு நாம ரெண்டு பேரும் எவ்ளோ நாள் பேசியிருப்போம், இவரு கைய எடுக்கவே இல்லையே. அந்த ரூம் வாசல்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

நிகழ்காலத்துல இருங்கறாங்க, எங்கம்மா இப்ப அப்படித்தான் இருக்காங்க, இதுவா ஞானம்னு கேட்டிருந்த. இல்லடா, இது வியாதி, டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திராத. ஆனா ரமணர் எழுதுன உள்ளது நாற்பதுல ஒரு பாட்டு இருக்கு, போனதும் வரப்போறதும் நடக்கும்போது நிகழ்காலம் தான, இப்பங்கறத தெரிஞ்சுக்காம அதுகள தேடறது ஒண்ணுங்கற எண்ணே தெரியாம கணக்குப் போடற மாதிரின்னு. அதப் படிக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் தான். அந்த கடைசி பஸ் அவருக்கு பழசே இல்ல, அந்த நிமிஷம் வாசல்ல நின்ன பஸ்ஸு. நான் தான் காலண்டர தூக்கிக்கிட்டு குறுக்க போய் நின்னேன்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் வலிக்கும். நான் யாருன்னு உன்னையே கேட்டுப் பாருன்னு தான் ரமணர் சொன்னது, நான் அதக் கொண்டு போய் அப்பாகிட்ட கேட்டேன். அவருக்கு பேரு தான் மறந்துச்சு, நான் சோறு பெசஞ்சு ஊட்டுனா ஆன்னு வாய தொறப்பாரு, கைய புடிச்சா விடமாட்டாரு, எதுவும் கொறையல. அவரு மனசுல மகன்னு எனக்கு இருந்த எடம் போச்சேன்னு தான் எனக்கு அவ்ளோ ஆத்திரம், அதத்தான் பாசம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ வீம்பு புடிக்காத. யாருன்னு கேட்டா பக்கத்துல உக்காந்து "சாப்டீங்களாம்மா"ன்னு கேளு, போதும்.

வர்ற ஞாயித்துக்கெழம வாரேன். அம்மாவுக்கு நுங்கு புடிக்கும்ல, எளசா பாத்து வாங்கிட்டு வாரேன், தோல உரிச்சுக் குடுத்தா முழுங்க சுளுவா இருக்கும். நான் யாருன்னு நீயும் சொல்லாத.