நீலச் சேலையும் ஹிரோஷிமாவும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பேரன் பிறந்த சேதிக்கு உடனே பதில் போட்டிருக்க வேண்டும், வீட்டில் வெள்ளையடிப்பு நடந்ததில் தள்ளிப்போய்விட்டது. அந்தக் களேபரத்தில்தான் பரணிலிருந்து அப்பா அம்மாவின் கல்யாண போட்டோ கிடைத்தது, ஓரமெல்லாம் செல்லரித்து. மகள் அதைப் போனில் ஏதோ ஓர் ஆப்பில் போட்டு அரை நிமிஷத்தில் கலராக்கிவிட்டாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது யார் சேலைடா? என்னுது அரக்கு. நீலம் கட்டிக்கிட்டா மணையில உக்காந்தேன்?" அப்புறம் அந்தச் சேலையை யார் எடுத்தது, அதில் பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் வந்த சண்டை என்று ராத்திரி பத்து மணிவரை ஓயவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத கதை.

இப்படிப் பழைய போட்டோவைக் கலராக்கிக் கதை கேட்பதைத்தான் ஹிரோஷிமாவில் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண் அஞ்சு நிவாதா 2017இல் பள்ளியில் படிக்கும்போதே ஆரம்பித்தது, டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிதெனோரி வதனவேயுடன் சேர்ந்து. இந்த வேலைக்கு அவர்கள் வைத்த ஜப்பானியப் பெயருக்கு, உறைந்த நினைவை இளக வைப்பது என்று அர்த்தமாம். இன்று அமைதிப் பூங்கா இருக்கிற இடம் 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 வரை நகஜிமா என்கிற நெரிசலான கடைத்தெரு. அங்கே சலூன் வைத்திருந்த ஒரு குடும்பத்தில், வெளியூருக்கு அனுப்பப்பட்டிருந்த சின்னப் பையன் மட்டும் மிஞ்சினான். அவன் வயதானபிறகு அந்தக் குடும்ப ஆல்பத்தைத்தான் நிவாதா கலராக்கிக் கொண்டுபோய்க் காட்டினார்.

லட்சக்கணக்கான போட்டோக்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் வானம், புல், தோல் எல்லாம் ஓரளவு சரியாகப் போட்டுவிடும். துணிமணியில் குத்துமதிப்புதான், நம் நீலச் சேலை மாதிரி. அங்கேதான் பெரியவர்கள் குறுக்கே வருகிறார்கள். ஒரு குடும்பம் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று. அது டேண்டிலியன் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொன்ன பிறகு பூவெல்லாம் மஞ்சளாயிற்று. பக்கத்திலுள்ள குரே நகரிலிருந்து எடுத்த, அணுகுண்டு கிளப்பிய காளான் மேகத்தை இயந்திரம் வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறது. அதற்குத் தெரிந்த மேகம் அதுதானே! அப்புறம்தான் மனிதர்கள் விசாரித்து ஆரஞ்சு சேர்த்தார்கள்.

குண்டு விழுந்த அந்த 1945 கடைசிக்குள் ஹிரோஷிமாவில் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்று நாம் பள்ளியில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், மறந்தோம். மஞ்சள் பூ அப்படி மறக்கவில்லை எனக்கு.

ஒரு உறுத்தலும் உண்டு. கலர் படம் மட்டும் தனியாகச் சுற்ற ஆரம்பித்தால் நாளைக்கு அதையே அசல் என்பார்கள், கறுப்பு வெள்ளையையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இதே இயந்திரத்தை வைத்துச் செத்தவர்களைப் பேச வைக்கிற வித்தையெல்லாம் எனக்கு வேண்டவே வேண்டாம். தப்பு என்று சொல்ல ஆள் இருக்கும்வரைதான் இந்த வேலைக்கு மதிப்பு. குண்டுக்குத் தப்பியவர்கள் 2025 மார்ச் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கும் கீழே, சராசரி வயது 86.

சரி, நம் பள்ளிக்கூட குரூப் போட்டோ உன்னிடம்தானே இருக்கிறது? ஒரு படம் எடுத்து அனுப்பு. கணக்கு வாத்தியார் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை பச்சை என்று நான் சொல்கிறேன், நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
ராஜு