ஆலன் ராம்சேயை விட்டுவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

18-ஆம் நூற்றாண்டு உருவப்படங்கள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் ரெனால்ட்ஸ் இருந்தார், கெய்ன்ஸ்பரோ இருந்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1713-இல் பிறந்த உருவப்பட ஓவியர் ஆலன் ராம்சே மட்டும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவே பட்டது.

ரோமிலும் நேப்பிள்ஸிலும் பயின்று லண்டனில் தொழில் தொடங்கியவர் அவர். ஆர்கைல் கோமகன், பியூட் பிரபு என்று பெரிய இடத்து ஆட்கள் அவர் முன் வந்து அமர்ந்தார்கள். அப்புறம் பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை ஓவியரானார். மன்னரின் முடிசூட்டுப் படத்துக்குப் பிரதி கேட்டவர்கள் ஏராளம். உதவியாளர்களை வைத்துப் பிரதி எடுப்பதிலேயே பல ஆண்டுகள் போயின. 1773-இல் வலது கையில் அடிபட்டதோடு ஓவிய வாழ்க்கையே முடிந்தது.

ஆனால் எனக்கு அவருடைய உச்சம் மன்னர் படமல்ல, மனைவி மார்கரெட்டின் படம்தான். பெற்றோர் எதிர்ப்பை மீறி அவரை மணந்த உயர்குடிப் பெண். பூச்சாடியில் ரோஜாவைச் செருகும்போது யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிறார். மேலங்கியின் சரிகைப் பின்னலில் அத்தனை மென்மை! எடின்பரோ தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தப் படத்தை அடுத்த இதழில் வண்ணத்தில் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை