லக்சம்பர்க் பூங்காவில் படிக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்வலத்துக்குப் போனாய், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நெற்றியில் ரத்தம் வழிய நடைபாதையில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரப் பையனைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தாய். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "இரக்கம் பார்த்தா புரட்சி நடக்காதும்மா" என்றாய்.

பாரிஸில் நீ சாயங்காலம் போய்ப் படிக்கிற லக்சம்பர்க் பூங்காவின் அரண்மனை, பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1794-ல் சிறைச்சாலை. உள்ளே புரட்சிப் பத்திரிகையாளன் கமீல் தெமூலேன். வெளியே அவன் மனைவி லூசில், அவன் முகம் எங்காவது தெரியுமா என்று பூங்காவில் நடந்துகொண்டே இருந்தாள். அவர்கள் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

கமீலுக்குத் திக்குவாய். 1789 ஜூலை 12 அன்று பாரிஸின் பலே ரோயால் தோட்டத்தில் மேஜைமேல் ஏறி, ஆயுதம் எடுங்கள் என்று கத்தியவன் அவன்தான். அன்றைக்கு மட்டும் திக்கவே இல்லை என்பார்கள். இரண்டு நாளில் பாஸ்டில் சிறைக்கோட்டை விழுந்தது. காலமெல்லாம் கட்டுண்டு கிடந்த நாக்கை அவிழ்த்துவிட்ட அந்த வேகத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் விளக்குக்கம்பத்தில் ஆட்களைத் தொங்கவிட்ட கூட்டத்துக்குக் கொம்பு சீவியதும் அவன் பேனாதான். பழைய நண்பனும் இன்னொரு புரட்சித் தலைவனுமான பிரிஸோவைக் கிழித்து ஒரு சிறுநூலும் போட்டான். 1793 அக்டோபரில் பிரிஸோவுக்கும் தோழர்களுக்கும் மரண தண்டனை வாசித்தபோது, "என் புத்தகம்தான் இவர்களைக் கொல்கிறது" என்று நீதிமன்றத்திலேயே அழுதானாம்.

அந்த அழுகைக்கு அப்புறம் வேறு ஆளாகிவிட்டான். சந்தேகத்தின் பேரில் அடைத்துவைத்த இரண்டு லட்சம் பேரைத் திறந்துவிடுங்கள், கருணைக் குழு ஒன்று வையுங்கள் என்று டிசம்பரில் தன் பத்திரிகையில் எழுதினான். அந்த இதழ்களைக் கொளுத்தச் சொன்னவன் ரொபஸ்பியர், அப்போது ஆட்சியை நடத்திய புரட்சித் தலைவர்களில் முக்கியமானவன், கமீலோடு ஒரே பள்ளியில் படித்தவன். "எரிப்பது பதிலாகாது" என்றான் கமீல்.

ரொபஸ்பியரையும் பேய் என்று சொல்லிவிட எனக்கு மனசு வரவில்லை. 1791-ல் மரண தண்டனையே கூடாது என்று சபையில் வாதாடியவன் அவன். அப்புறம் எல்லையெல்லாம் போர், உள்ளே கலகம், யாரைப் பார்த்தாலும் துரோகி என்ற பயம். குடியரசைக் காப்பாற்ற மனதை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நம்பினான். நீ சொன்னதைத்தான் அவனும் நம்பினான், கண்ணா.

கமீலைக் கைதுசெய்யும் உத்தரவில் அவன் கையெழுத்தும் இருக்கிறது. ஏப்ரல் 5-ல் கமீல் தலை போனது. எட்டு நாள் கழித்து லூசிலும் போனாள். ஜூலை 28-ல் ரொபஸ்பியரே அதே கில்லட்டினுக்குப் போனான்.

பூங்காவிலிருந்து சேன் சுல்பீஸ் தேவாலயம் நடக்கிற தூரம்தான். ஒருநாள் போய்ப் பார். 1790 டிசம்பர் 29-ல் கமீலுக்கும் லூசிலுக்கும் அங்கேதான் கல்யாணம். சாட்சியாக நின்றவர்களில் பிரிஸோவும் உண்டு, ரொபஸ்பியரும் உண்டு.

ஊர்வலத்துக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். போ. குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள். அந்தப் போலீஸ்காரப் பையனுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா