இரண்டு அங்குலம், கீட்டன் ஐயா

அன்புள்ள பஸ்டர் கீட்டன் ஐயாவுக்கு,

பிப்ரவரி 1 மறுபடியும் வந்துவிட்டது. 1966-இல் இதே நாளில்தான் நீங்கள் போனீர்கள். கான்சாஸில் பிறந்தது, அப்பா உங்களை மேடையில் தூக்கி எறிந்தது, ஊமைப்படங்களில் எல்லோரையும் சிரிக்கவைத்த அந்தச் சிரிக்காத முகம், இதையெல்லாம் உங்களிடமே சொல்லி என்ன ஆகப்போகிறது? சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் விழுந்த அந்தச் சுவரைப் பற்றி மட்டும் பேச வேண்டும்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்திலிருந்து அந்தச் சில விநாடிகளை மட்டும் வெட்டியெடுத்து இன்றும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். சுமார் இரண்டு டன் எடையுள்ள வீட்டு முகப்பு அப்படியே முன்னால் சாய்கிறது. மாடி ஜன்னலின் திறப்பு உங்கள்மேல் வந்து இறங்குகிறது. நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். சாகத் துணிந்தவன் செய்த காரியம் என்று இதை வருடக்கணக்காகச் சொல்லி வந்தோம். நானும்தான் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் தப்பு எங்கள்மேல் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் புத்தி பேதலித்திருந்தது, இல்லாவிட்டால் அதைச் செய்திருக்கவே மாட்டேன் என்ற பொருள்பட நீங்களே பின்னாளில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஸ்டூடியோ கையைவிட்டுப் போகிற காலம் வேறு. நாங்கள் வேறென்ன நினைத்திருப்போம்?

பிறகுதான் அந்த வேலை எப்படி நடந்தது என்று நீங்கள் விளக்கியதைக் கவனமாகப் படித்தோம். முதலில் வெறும் சட்டத்தை மட்டும் அடித்துக் கீல் வைத்துத் தரையில் சாய்த்தீர்கள். அது படுத்த இடத்திலேயே ஜன்னலை அளந்து கட்டினீர்கள். இரண்டு தோளுக்கும் பக்கத்துக்கு இரண்டு அங்குலம். மேல்கட்டை தலைக்கு இரண்டு அங்குலம் தள்ளி, கீழ்க்கட்டை குதிகாலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி. குதிகால் படவேண்டிய இடத்தில் தரையில் பெரிய ஆணிகள். அதன் பிறகே சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, பலகை அடித்து, வண்ணம் பூசி, வீட்டிலிருந்து பிய்ந்து வந்த மாதிரி விளிம்பைக் கந்தலாக்கினார்கள். லேசான தட்டியாக இருந்தால் விழும்போதே முறுக்கிக்கொள்ளும். கனத்தினால்தான் அது நேராக விழுந்தது.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது காற்று. லிபர்ட்டி விமான எஞ்சின் பூட்டிய ஆறு காற்று எந்திரங்கள். லாரியையே சாலையிலிருந்து தள்ளிவிடும் வேகம். காட்சியின் முன்னாலும் பின்னாலும் புயல் அடிக்க வேண்டும், ஆனால் விழுகிற சுவரின்மேல் ஒரு வீச்சும் படக்கூடாது. பட்டால் பலகை வளையும், ஜன்னல் இடம் மாறும். பார்க்கிறவனுக்குச் சூறாவளி, உங்களைச் சுற்றி மட்டும் காற்றில்லாத ஒரு துண்டு இடம். இதைச் செய்தவரையா புத்தி பேதலித்தவர் என்பது?

கதையிலும் அதே கணக்குதான். புயலில் உருண்டுவந்த கட்டிலை அந்த இடத்தில் நிறுத்தி, உங்களை அங்கே விட்டுவிட்டு அதை மட்டும் பறக்கவிடுகிறீர்கள். ஒரு மனிதன் புயல் நடுவே அசையாமல் நிற்பதற்குக் காரணம் வேண்டுமே! அடிபட்ட கழுத்தைத் தடவிக்கொண்டு மலங்க மலங்க நிற்கிறீர்கள். ஆணியின்மேல் நிற்கும் நடிகர் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. 1919-இல் நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிளோடு நடித்தபோது விழவைத்தது மேடைத் தட்டி. 1920-இல் 'ஒன் வீக்'கில் வீட்டுச் சுவர். இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் இரண்டு டன்னுக்கு வந்தீர்கள்.

கணக்கு தவறியதும் உண்டு. 1924-இல், 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில், ரயில் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கினீர்கள். கொட்டிய தண்ணீரின் வேகம் உங்களைத் தண்டவாளத்தில் அடித்தது. தலைவலி என்று விட்டுவிட்ட கழுத்தெலும்பு முறிவு, பல வருடம் கழித்து எக்ஸ்ரேயில் தெரிந்தது.

அதைவிடப் பெரிய தவறு 1928-இல் போட்ட கையெழுத்து. எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்டூடியோவின் பக்கம் போகாதே என்று சாப்ளின் சொன்னார், உங்களைப் போன்ற இன்னொரு நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாயிட் சொன்னார். கேட்கவில்லையே! தோளுக்கு இரண்டு அங்குலம் அளந்தவர் அந்த ஒப்பந்தத்தை ஏன் அளக்கவில்லை? சாப்ளின் தன் படங்களைத் தன் கையில் வைத்திருந்தார். உங்கள் பெயரில் நடந்த நிறுவனத்தில் உங்களுக்கு ஒரு பங்குகூட இல்லை. தொடக்கமும் முடிவும் கிடைத்தால் நடுவிலிருப்பது தானாக வரும் என்று படமெடுத்தவரிடம் எம்.ஜி.எம்.காரர்கள் முழுக்கதையையும் முன்கூட்டியே தாளில் கேட்டார்கள். அங்கே எடுத்ததில் 'தி கேமராமேன்' ஒன்று நின்றது. 1933-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். கோபம் அவர்கள்மேல்தான் வர வேண்டும். எனக்கு உங்கள்மேல்தான் வருகிறது.

அந்த வருடங்களில் வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதத்தைப் பிறரும் படிப்பார்கள். ஆனால் 1927-இல், 'காலேஜ்' படத்தில் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராக வந்தீர்களே, அதை மறைத்து எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்று உங்களுக்காக வாதாடவும் மாட்டேன்.

1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு உங்களுக்குச் சில மாதங்களே இருந்தன. அதை நினைத்தால் கோபம் கரைந்துவிடுகிறது.

இன்று அந்தக் காட்சியை மறுபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தூசி எழுகிறது, நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடுகிறீர்கள். அந்த ஆணிகளைத்தான் தேடினேன். வெறும் மண்தான் தெரிகிறது, ஐயா.