தம்பிக்கு ஒரு சிநேகிதன்

இண்டியானாபொலிஸ்,
ஜூலை 28

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். நீ, அப்பா, ஆச்சி, தம்பி எல்லோரும் சுகம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் தம்பி தன் பெயரை எழுதியிருக்கிறானே, எழுத்தெல்லாம் கோட்டை விட்டு மேலே ஏறி, புள்ளி வைக்க இடமில்லாமல் பக்கத்தில் வைத்து... அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ, கணக்கில்லை. போனில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். ஏப்ரலிலிருந்து அப்படித்தான் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே அம்மா.

இந்த மாதம் ப்ளூமிங்டனுக்கு ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தேன். பெஸ்ட் பட்டீஸ் என்ற அமைப்பு வருஷா வருஷம் ஜூலையில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நடத்துவது. எங்கள் கல்லூரிக் கிளையில் என்னையும் சேர்த்து அனுப்பினார்கள், என் கையிலிருந்து செலவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கும் இல்லாத ஒருவருக்கும் நட்பு உண்டாக்கிக்கொடுப்பதுதான் இவர்களுடைய முக்கிய வேலை. மருந்து கொடுப்பதோ பாடம் நடத்துவதோ இல்லை. சேர்ந்து சினிமாவுக்குப் போவது, வாரம் ஒரு தடவையாவது பேசிக்கொள்வது, அவ்வளவுதான். 1989-ல் ஆந்தனி கென்னடி ஷ்ரைவர் தொடங்கியது. தம்பி பள்ளியில் ஓடி மெடல் வாங்கினானே, அந்த ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸை 1968-ல் தொடங்கிய யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் மகன் இவர். அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார், ஜனாதிபதி கென்னடியின் தங்கைதான் யூனிஸ். அவருக்கு ரோஸ்மேரி என்று ஒரு அக்கா. நம் தம்பி மாதிரிதான் அந்த அக்காவுக்கும் அறிவுசார் குறைபாடு. அதைக் கேட்டதிலிருந்து யூனிஸ் எனக்கு யாரோ போலத் தெரியவில்லை.

ஊர் அழகு. பல்கலைக்கழகக் கட்டடமெல்லாம் அங்கேயே வெட்டியெடுத்த வெளிர் சுண்ணாம்புக் கல். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏ.சி. எலும்பு வரை குளிர்கிறது. உன் பழைய நூல் புடவையை மடித்து எடுத்துப் போயிருந்தேன், அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கினேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பீட்சா, வேகவைத்த சோளம், பச்சைக் காய்கறி, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் வெறும் சோற்றை வாங்கி நீ அனுப்பின பருப்புப்பொடியைப் போட்டுப் பிசைந்தேன். நெய் இல்லை. இருந்தாலும் அந்த வாசனைக்கே கண் கலங்கிவிட்டது.

என்னோடு அறையில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது, டவுன் சின்ட்ரோம். ஒரு பலசரக்குக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. முட்டையை ஒருநாளும் அடியில் வைக்க மாட்டாளாம், முதல் நாளே சொல்லிவிட்டாள். ராத்திரி படுக்கும் முன் மறுநாள் உடுப்பை நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பது போல அடுக்குவாள்: மேலே சட்டை, கீழே பேன்ட், தரையில் சரியாக நேர்கீழே சாக்ஸ். பிறகு கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். தம்பி கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பானே, அதேதான்.

இரண்டாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "உன் நெருங்கிய சிநேகிதி யார்?" என்று கேட்டாள். தம்பி என்றேன். "தம்பி குடும்பம். சிநேகிதி யார்?" என்றாள். அவள் குத்திக் கேட்கவில்லை அம்மா, பெயர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குச் சொல்ல ஒரு பெயர் வரவில்லை. தூக்கம் வருகிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்போது ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் போன் பண்ணுகிறாள். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது.

மாநாட்டில் குறைபாடு உள்ளவர்களே தங்கள் பேச்சைத் தயாரித்து மேடையில் பேசினார்கள். ஒரு பையன், தம்பி வயது இருக்கும், மைக்கைப் பிடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. பக்கத்தில் பயிற்சி கொடுத்தவர் காகிதத்தோடு நிற்கிறார், ஆனால் எடுத்துக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம், ஒருவர்கூட இருமவில்லை. கை தட்டி உசுப்பவுமில்லை, காத்திருந்தார்கள். பிறகு அவனே ஆரம்பித்தான். கடைசி வரி வரைக்கும் அவனேதான் பேசினான்.

நம் வீட்டில் என்ன செய்கிறோம் யோசித்துப் பார் அம்மா. தம்பி "எனக்கு... எனக்கு..." என்னும்போதே நீ தண்ணீர் கொண்டுவந்துவிடுவாய், நான் டிவியைப் போட்டுவிடுவேன். பாசம்தான். ஆனால் இருபது வருஷமாக அவன் வாக்கியத்தை நாம்தானே முடித்துவைக்கிறோம்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சித்தப்பா அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இனிமேல் நிறுத்தச் சொல்லு. விளையாட்டுக்குத்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். இந்த நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைக் குறித்த பழைய இழிசொல்லை 2010-ல் மத்திய அரசின் பல சட்டங்களிலிருந்தே எடுத்தார்கள். மேரிலாந்தில் ரோசா என்ற ஒரு சின்னப் பெண்ணுக்காக அவள் குடும்பம் கேட்டு வாங்கியது, ரோசா சட்டம் என்றே அதற்குப் பெயர். நம் ஊரிலும் மாற்றுத்திறனாளி என்று சொல்லப் பழகி எத்தனை வருஷம் ஆகிவிட்டது! சித்தப்பாவுக்கு மட்டும் பழகவில்லை என்றால் எப்படி?

எதிர்வீட்டுப் பையன் இப்போதும் வருகிறானா? சைக்கிளில் தம்பியைப் பின்னால் உட்காரவைத்துத் திடலுக்குக் கூட்டிப்போவானே. கீழே விழுந்து முட்டியில் அடிபட்டு வந்தான் என்று அப்பா நிறுத்திவிட்டார். நானும் அன்றைக்கு அப்பா பக்கம்தான் பேசினேன். தப்பு அம்மா. தம்பியைத் தேடி நம் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒரே ஆள் அந்தப் பையன். அப்பாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். முட்டி ஆறிவிட்டது, திடலுக்குப் போகட்டும்.

தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கும் விஷயம். கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று அந்த வக்கீல் சொன்னதை நம்பிப் பணம் கட்டவேண்டாம். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அங்கே மனு கொடுத்தால் போதும். பதினெட்டு முடிந்தவனுக்கு அப்பாவும் நீயுமே கேட்கலாம். அந்தக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும் உறுப்பினராக இருப்பார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், எதற்காகப் போகிறோம் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதுதான் யு.டி.ஐ.டி., நகல் இரண்டு எடுத்துக்கொள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே.

போன மாதம் பணம் அனுப்பாததற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, வேலை நேரம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆகஸ்டில் சேர்த்து அனுப்புகிறேன். ஆச்சியின் கண் ஆபரேஷனை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பெரியப்பா சொன்ன வரன் பற்றி இப்போது பேச்சு வேண்டாம். தம்பி என்னோடு இருப்பான் என்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லு, அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு. எடுத்துக்கொடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் நான் வைக்க மாட்டேன்.

உன் அன்பு மகள்

பி.கு.: பருப்புப்பொடி தீரப்போகிறது. யாராவது வருவதாக இருந்தால் கொடுத்தனுப்பு, தபாலில் வேண்டாம், காசு அதிகம்.