மடிப்பாக்கத்தில் சாலைகளைப் புதிதாகப் போடும்போதே நடைபாதையும் அமைத்துத் தரக் கோரி மனு

அனுப்புநர்
மடிப்பாக்கம் பகுதி குடியிருப்போர்,
சென்னை - 600 091.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை - 600 003.

பொருள்: பாதாள சாக்கடை, மெட்ரோ பணிகளுக்குப் பின் சாலைகளைச் சீரமைக்கையில் நடப்பவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

மடிப்பாக்கம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. தனி வீடுகள் இருந்த மனைகளில் இன்று வரிசையாக அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆட்களும் வண்டிகளும் பெருகிவிட்டாலும் தெருவின் அகலம் மனை பிரித்த காலத்தில் இருந்த அளவுதான். பாதாள சாக்கடைக்கும் மெட்ரோவுக்கும் தோண்டிய சாலைகளை எப்படியும் மறுபடி போட்டாக வேண்டும். அப்போது சுவருக்குச் சுவர் தார் போட்டு முடித்துவிடாமல், நடப்பவர்களுக்கான இடத்தை முதலில் அளந்து ஒதுக்கிவிட்டு மீதியை வண்டிகளுக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாலை ஒருமுறை போட்டு முடிந்துவிட்டால் இதைச் சரிசெய்ய இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

எங்கள் பகுதியில் நடைபாதை என்று இருப்பது, பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான். ஒரு வீட்டு வாசலில் முழங்கால் உயரம், அடுத்த வாசலில் கார் ஏறுவதற்காகச் சரித்துவிட்ட சிமெண்ட், அதற்கடுத்து டிரான்ஸ்பார்மர். ஏறி இறங்கி முடியாமல் எல்லோரும் சாலையில்தான் நடக்கிறார்கள். காலை எட்டரை மணிக்கு பஜார் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். புத்தகப் பை மாட்டிய பிள்ளையைச் சுவர்ப்பக்கமாக விட்டு, வண்டி வரும் பக்கம் தன் உடம்பை வைத்துக்கொண்டு நடக்கிறார் ஒரு தாய். நிறுத்தியிருக்கும் கார் குறுக்கே வந்ததும் இருவரும் நடுச்சாலைக்கு வந்தாக வேண்டும், பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. இது தினமும் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் எது சாலை, எது பள்ளம் என்று தெரியாது. மூடி உடைந்த இடத்தில் யாராவது ஒரு மரக்கிளையை நட்டு வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

இந்திய சாலைப் பேராயத்தின் நடைபாதை வழிகாட்டுதல் (ஐஆர்சி 103) தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த உயரக் கணக்கு முக்கியம். உயரமாகக் கட்டினால் வண்டி ஏறாது என்று நினைக்கிறார்கள், ஆனால் முதலில் ஏற முடியாமல் போவது முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும்தான். வீட்டு வாசல்களில் நடைபாதை ஒரே மட்டமாகத் தொடர வேண்டும். கார் ஏறுவதற்கான சரிவு சாலையோர விளிம்போடு நின்றுவிட வேண்டும். மின்பெட்டிகளும் கம்பங்களும் மரங்களும் நடக்கும் பகுதிக்கு வெளியே, சாலையை ஒட்டிய பட்டையில் வரட்டும். புதிய தார் போடும் முன் பழையதைச் சுரண்டி எடுப்பதையும் உறுதிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சாலை உயர்ந்துகொண்டே போய் மழைநீர் வீட்டுக்குள் வருகிறது.

எல்லாத் தெருவுக்கும் நடைபாதை கேட்கவில்லை. இருபது அடித் தெருவில் அதற்கு இடமே இல்லை. அங்கே வண்டிகளின் வேகம் குறைந்தால் போதும். தெருமுனைகளைக் குறுக்கி வளைவை இறுக்கமாக்கினால் திரும்புகிற வண்டி தானாக மெதுவாகும். ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது. பள்ளி வாசல்களில் வெறும் வெள்ளைக் கோடு போடாமல், சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய கடவைகள் வேண்டும். பெயிண்ட் ஒரு மழைக்காலத்தில் அழிந்துவிடும்.

மெட்ரோ பற்றியும் சொல்ல வேண்டும். மாதவரம் - சோழிங்கநல்லூர் வழித்தடத்தில் மடிப்பாக்கத்துக்கு ஒரு நிலையம் வருகிறது. ரயிலில் வந்து இறங்குகிறவர் வீடுவரை நடக்க முடியாவிட்டால் அடுத்த நாள் பைக்கையே எடுப்பார். இவ்வளவு செலவில் கட்டியதன் பலன் அந்த அரை கிலோமீட்டரில் போய்விடும். நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் நடைபாதை, விளக்கு, சாலை கடக்கும் இடங்கள் எல்லாம் ரயில் ஓடத் தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். அங்கே பல துறைகளின் வேலை இருப்பதால், அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால்தான் முடியும்.

அப்புறம், கடைகள். தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்தச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. காய்கறியும் பூவும் நாங்கள் அவர்களிடம்தான் வாங்குகிறோம். 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் இடம் குறித்து, அதை வரைபடத்திலேயே காட்டிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

இதெல்லாம் மாநகராட்சிக்குப் புதிதல்ல. நடை, சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென 2014-லேயே கொள்கை வகுத்தீர்கள். 2019-ல் தி.நகரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை நாடே வந்து பார்த்தது. பாதுகாப்பான நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தி.நகருக்குக் கிடைத்த அக்கறையில் ஒரு பங்கு புறநகருக்கும் வரட்டும்.

முதல் கட்டமாக பஜார் ரோட்டையும், மெட்ரோ நிலையத்துக்குப் போகும் தெருக்களையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மதிப்பீடு இறுதியாகும் முன், பகுதிப் பொறியாளர் ஒரு நாள் காலை பள்ளி நேரத்தில் எங்களோடு நடந்து பார்க்கவும், சாலை வடிவமைப்பின் வரைபடத்தை வார்டு அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் பகுதி குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)